அடைத்த நீரும் உடைத்த நீரும்: தனியார் குளம் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

மனிதன் தனக்கெனக் கொள்ளும் பொருள்களுள் நிலமும் நீரும் ஒரே தன்மையன அல்ல. நிலம் இருந்த இடத்திலேயே இருப்பது. அதற்கு வேலியிடலாம், எல்லைக்கல் நாட்டலாம், உறுதி எழுதி ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாற்றலாம். நீரோ ஓடுவது. ஒருவன் காணியிற் பெய்த மழை மற்றொருவன் காணியின் வழியே ஓடி, மூன்றாமவன் வயலை நனைத்து, நாலாமவன் கிணற்றில் ஊறுகிறது. இவ்வாறு ஓடும் பொருளை மண்ணால் மறித்துத் தன் காணிக்குள் நிறுத்தும் ஒருவன், நிலத்தின்மேல் தனக்குள்ள உரிமையை நீரின்மேலும் நீட்டிக் கொள்கிறான். அங்ஙனம் நீட்டுதற்கு அவனுக்குள்ள நியாயம் யாது? அந்நியாயத்தின் எல்லை எது? இவ்விரு வினாக்களையும் தனியார் ஒருவருக்குரிய சிறிய மண்ணணையை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நீர்ப்பாசனம் என்றதும் நமது சிந்தனை கல்லோயா, மகாவலி போன்ற பெருந்திட்டங்களை நோக்கியே செல்கிறது. ஆயின் இலங்கையின் உலர்வலயத்து வாழ்வைத் தாங்கி நிற்பவற்றுள் சிறு குளங்களின் பங்கு பெரிது. இன்று பயன்பாட்டிலுள்ள கிராமக் குளங்கள் 10,000க்கும் மேற்பட்டவை. 80 ஹெக்டேயர், அதாவது ஏறத்தாழ 200 ஏக்கர் வரையான வயலுக்கு நீர் பாய்ச்சுவன சிறு நீர்ப்பாசனம் எனப் பகுக்கப்படுகின்றன. இவற்றுட் பெரும்பாலானவை அரசுக்குரியன. எனினும் உறுதிக் காணிகளுக்குள் அமைந்த தனியார் குளங்களும் மறிப்புக் கட்டுகளும் உள்ளன. அவை அளவிற் சிறியன. அவை எழுப்பும் அறவியல் வினா சிறிதன்று.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பித்துக் கொள்வோம். ஒரு கமக்காரர் தமது காணியினூடே செல்லும் ஓடையை மறித்துப் பன்னிரண்டு அடி உயரத்தில் மண்கட்டு ஒன்று எழுப்புகிறார். செலவு அவருடையது, உழைப்பும் அவருடையது. கட்டிலிருந்து அரை மைல் தொலைவில் ஊர்க்குளம் உண்டு. அதன் கீழே வயலும், வயலோரத்திற் குடிமனைகளும் உள. மழை பொய்த்த ஆண்டில் ஊரவர், 'எங்கள் குளத்துக்கு வர வேண்டிய நீரை இவர் அடைத்துவிட்டார்' என்கின்றனர். மழை மிகுந்த ஆண்டில் அதே ஊரவர், 'இந்தக் கட்டு உடைத்தால் எங்கள் கதி என்ன?' என்கின்றனர். முதல் முறைப்பாடு அடைத்த நீர் பற்றியது. மற்றையது உடைத்த நீர் பற்றியது. இரண்டிற்கும் கமக்காரர் கூறும் மறுமொழி ஒன்றே: 'என் காணி, என் கட்டு.' இம்மறுமொழி எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதே நம்முன் உள்ள பிரச்சினை.

முதலில் அடைத்த நீரை நோக்குவோம். கி.பி. 533இல் தொகுக்கப்பட்ட ஜஸ்டினியனின் உரோமச் சட்ட நூல் காற்று, ஓடும் நீர், கடல் ஆகியவற்றை இயல்பாகவே அனைவர்க்கும் பொதுவானவை என வகுத்தது. ஓடும் வரையில் நீர் எவருக்கும் உடைமையன்று என்பது இதன் கருத்து. அப்படியாயின் ஓட்டத்தை நிறுத்தியவனுக்கு அது உடைமையாகுமா? பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலத் தத்துவஞானி யோன் லொக் இதற்கு ஆம் என்றே விடை கூறுவார். பொதுவான பொருளோடு ஒருவன் தன் உழைப்பைக் கலக்கும்போது அது அவனுடையதாகிறது என்பது அவரது கொள்கை. ஊற்றில் ஓடும் நீர் எல்லார்க்கும் உரியதாயினும், குடத்தில் மொண்ட நீர் மொண்டவனுக்கே உரியது என்பது அவர் காட்டும் உதாரணங்களுள் ஒன்று.

குடத்தைப் பொறுத்தவரை இவ்வாதத்தை மறுப்பார் இலர். குளத்தைப் பொறுத்தவரை அது அப்படியே பொருந்துமா? குடம் மொண்ட பின்னரும் ஊற்று ஓடிக்கொண்டிருக்கும். லொக்கும் தமது கொள்கைக்கு ஓர் எல்லை வகுத்தார்: மற்றவர்க்குப் போதிய அளவும் அதே தரத்திலும் எஞ்சியிருக்க வேண்டும். ஓடையை முழுவதும் மறிக்கும் கட்டு, வறண்ட ஆண்டில் அந்த எஞ்சிய பகுதியை இல்லாமற் செய்கிறது. அன்றியும் கமக்காரரின் உழைப்பு கட்டை உண்டாக்கியதேயன்றி நீரை உண்டாக்கவில்லை. நீரைத் தந்தது மழை; அதை ஓடையிற் சேர்த்தது கட்டுக்கு மேலே பரந்து கிடக்கும் காடும் மேட்டு நிலமும். அந்நீர்ப்பிடிப்பு நிலத்தை வெட்டி வெளியாக்காது விட்டவர் எத்தனையோ பேர். எனவே தேங்கிய நீரில் கமக்காரரின் உழைப்பும் உண்டு. பிறருடைய பங்கும் உண்டு. உழைப்பு தான் ஆக்கியதற்கு உரிமை தரும். தான் ஆக்காததற்கு, உழைத்தவன் என்ற காரணத்தால் மட்டும், முழு உரிமை தராது.

இதனால் அவர் செய்தது குற்றம் என்று முடிவு கட்டுதல் தகாது. மாரியில் வெள்ளமாய்ப் பெருகிக் கடலுக்குச் செல்லும் நீரை அவர் மறித்தாராயின், எவருடைய பங்கையும் அவர் எடுக்கவில்லை. அவரது குளத்திற் தேங்கிய நீர் மண்ணில் ஊறி அயற்கிணறுகளின் நீர்மட்டத்தையும் உயர்த்தக்கூடும். ஆகவே நியாயமும் அநியாயமும் கட்டு எழுப்பியதிலேயே தங்கியிருக்கவில்லை. எந்த நீர் நிறுத்தப்படுகிறது, எந்த நீர் விடப்படுகிறது என்பதிலேயே தங்கியுள்ளது. இதனைத் தீர்மானிப்பது கலிங்கின் உயரமும் துருசைத் திறக்கும் காலமும் ஆகும். கலிங்கை ஓர் அடி உயர்த்துதல் கணக்கிற் சிறு மாற்றம். கீழே உள்ள ஊர்க்குளத்துக்கோ அது ஒரு போகத்தின் நீராக இருக்கலாம்.

கலிங்கைப் பற்றிய இக்குறிப்பு நம்மை உடைத்த நீருக்குக் கொண்டு செல்கிறது. மண்கட்டுக்குப் பெரும்பகை, கட்டின் முதுகின்மேல் வழியும் நீர். மேல்வழிந்த நீர் கட்டின் வெளிச்சரிவை அரித்துச் சில மணி நேரத்துள் உடைப்பை உண்டாக்கிவிடும். மற்றொரு பகை கட்டினுள்ளே ஊறிச் செல்லும் நீர். எலி வளை, கறையான் புற்று, பட்ட மரத்தின் உக்கிய வேர், துருசின் ஓரத்து வெடிப்பு ஆகியவற்றின் வழியே கசியும் நீர் மண்ணைச் சிறிது சிறிதாகக் கொண்டு செல்லும். தெளிந்து கசியும் நீர் பொறுக்கத்தக்கது. கலங்கிக் கசியும் நீர் கட்டின் மண்ணையே கொண்டு வருகிறது. கலிங்கின் வாயிலே பலகையோ மணல்மூட்டையோ வைத்து நீர்மட்டத்தை உயர்த்துபவர் அதிக நீரைத் தமக்கென அடைக்கிறார். அதே செயலால், கட்டின் முதுகுக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே உள்ள பாதுகாப்பு இடைவெளியையும் குறைக்கிறார். பிறர் பங்கை எடுக்கும் ஆசையும் பிறர் உயிருக்கு நேரும் ஆபத்தும் ஒரே ஓர் அடி உயரத்தில் வந்து சந்திக்கின்றன. நாம் இரண்டாகப் பிரித்த பிரச்சினை அடியில் ஒன்றே என்பது இதனாற் புலப்படும்.

உடைத்த நீருக்குப் பொறுப்பாளி யார் என்ற வினாவுக்குச் சட்டவரலாறு இரு மாறுபட்ட விடைகளைத் தந்துள்ளது. இரண்டையும் ஒப்புநோக்குதல் பயனுடையது.

முதலாவது, இங்கிலாந்தின் றைலண்ட்ஸ் எதிர் பிளெச்சர் வழக்கு. லங்காஷயரில் றைலண்ட்ஸ் என்னும் பருத்தி ஆலை முதலாளி தமது ஆலைக்காக நீர்த்தேக்கம் ஒன்றை அமைப்பித்தார். வேலையைத் தகுதி வாய்ந்தோரிடமே ஒப்படைத்திருந்தார். நிலத்தடியே கைவிடப்பட்ட பழைய சுரங்கக் குழிகள் இருந்தமை அவருக்குத் தெரியாது. 1860 டிசம்பரில் தேக்கம் நிரம்பியபோது நீர் அக்குழிகளின் வழியே இறங்கி, அயலில் இருந்த பிளெச்சரின் நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. முதலாளி தாமாக எவ்விதக் கவனக்குறைவும் செய்யவில்லை. இருந்தும் 1868இல் பிரபுக்கள் சபை அவரே பொறுப்பாளி எனத் தீர்த்தது. தன் சொந்த நோக்கத்துக்காகத் தன் நிலத்தில், இயல்பாக அங்கு இல்லாததும் வெளியேறினால் தீங்கு விளைப்பதுமான பொருளைக் கொண்டுவந்து வைப்பவன், அது வெளியேறினால் வரும் நட்டத்தைத் தானே ஏற்க வேண்டும் என்பது இத்தீர்ப்பின் சாரம்.

இரண்டாவது, அன்றைய சென்னை மாகாணத்தின் வட ஆற்காட்டுப் பகுதியைச் சேர்ந்த கார்வேட்டிநகர் ஜமீனைப் பற்றியது. பெருமழையால் ஜமீனின் குளங்கள் உடைத்துச் சென்னைப் புகையிரதக் கம்பனியின் பாதைக்குச் சேதம் விளைந்தது. கம்பனி றைலண்ட்ஸ் வழக்கைத் துணைக்கொண்டு ஜமீன்தார் மீது வழக்குத் தொடுத்தது. 1874இல் கோமறைக் கழகம் அவ்வழக்கை ஏற்க மறுத்தது. அக்குளங்கள் ஒருவர் தம் விருப்பத்துக்கு அமைத்தவை அல்ல; நெடுங்காலமாக மக்களின் வாழ்வுக்கு இன்றியமையாதனவாய் இருப்பவை; அவற்றை மூடிவிட ஜமீன்தாருக்கு அதிகாரம் இல்லை, பேணிக் காக்கும் கடமையே உண்டு; ஆகவே கவனக்குறைவு நிரூபிக்கப்பட்டாலன்றி அவர் பொறுப்பாளி ஆகார் என்பது முடிவு.

மேலெழுந்தவாரியாக நோக்கின் இவ்விரு தீர்ப்புகளும் முரண்படுகின்றன. உடைத்தது நீர், கெட்டது பிறர் உடைமை, ஒருவர் பொறுப்பாளி, மற்றவர் அல்லர். ஆழ்ந்து நோக்கின் இரண்டின் அடியிலும் ஒரே அறம் உள்ளமை தெரியவரும். ஆபத்தின் சுமை நன்மையின் வழியே செல்ல வேண்டும் என்பதே அது. தனக்கென மட்டும் நீரைத் தேக்கியவன் அதன் ஆபத்தையும் தனக்கெனக் கொள்ள வேண்டும். பலர்க்காகத் தேக்கி வைக்கும் கடமையுடையவனிடம் நாம் கேட்கக்கூடியது கவனம். எஞ்சிய ஆபத்தைப் பயன் பெறுவோர் யாவரும் பகிர வேண்டும். கார்வேட்டிநகர்த் தீர்ப்பில் நம் கவனத்துக்குரிய மற்றொன்றும் உண்டு. குளத்தை மூட அதிகாரம் இல்லாதவன் அதன் 'உடைமையாளன்' என்னும் சொல்லுக்கு நாம் வழக்கமாகக் கொள்ளும் பொருளில் உடைமையாளன் அல்லன். அவன் ஒரு பதவியை வகிப்பவன். உடைமை என்பது ஈண்டுக் கடமையின் மற்றொரு பெயராக மாறிவிடுகிறது.

இக்கடமை மறக்கப்படின் யாது நேரும் என்பதற்கு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து ஜோன்ஸ்ரவுண் பேரழிவு சான்றாகும். கால்வாய்ப் போக்குவரத்துக்காக அரசு கட்டிய மண்ணணை ஒன்று கைமாறித் தனியார் வசமாயிற்று. இடையில் அதனைக் கொண்டிருந்தவர் அடியிலிருந்த இரும்பு வெளியேற்றுக் குழாய்களைக் கழற்றி விற்றார். 1879இன் பின் செல்வந்தர்களின் பொழுதுபோக்குக் கழகம் ஒன்று அதை வாங்கியது. கார்னெகி, பிறிக் முதலிய பெருமுதலாளிகள் அதன் அங்கத்தவர். கட்டின் முதுகு தாழ்த்தப்பட்டது. மீன்கள் தப்பாதிருக்கக் கலிங்கின் வாயில் வலை அடைக்கப்பட்டது. குழாய்கள் மீளப் பொருத்தப்படவில்லை. 1889 மே 31இல் பெருமழையில் அணை உடைத்தது. இறந்தோர் 2,209 பேர். கழகத்துக்கு எதிராகத் தொடுக்கப்பட்ட வழக்கு எதுவும் வெற்றி பெறவில்லை. கட்டின் உறுதி பற்றிய ஐயம் பள்ளத்தாக்கில் முன்பே நிலவியது. எனினும் அணையைப் பற்றித் தீர்மானித்தவர் அதன் கீழே வாழவில்லை. அதன் கீழே வாழ்ந்தவர்க்குத் தீர்மானத்திற் பங்கில்லை. இப்பிரிவே அப்பேரழிவின் அறவியல் மூலம் எனலாம். 2018 மே மாதம் கென்யாவின் சோலாய் என்னுமிடத்திலே தனியார் பண்ணையொன்றின் மண்ணணை இரவில் உடைத்து நாற்பதுக்கும் அதிகமானோர் மாண்டனர். மூலம் மாறவில்லை என்பதை இது காட்டும்.

அப்படியாயின் எல்லாக் குளங்களையும் அரசுடைமை ஆக்கிவிட்டாற் பிரச்சினை தீருமா? 1986 ஏப்ரல் 20ஆந் திகதி அதிகாலையில் உடைத்த கந்தளாய்க் குளம் அரசின் பராமரிப்பில் இருந்ததே. அதில் 100க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். உறுதியில் எழுதப்பட்ட பெயர் மாறுவதால் மட்டும் கட்டு உறுதிப்படுவதில்லை. கட்டைப் பார்ப்பவர் யார், அவர் சொல் எடுபடுமா என்பனவே முதன்மையானவை.

இவ்விடத்தில் நமது நாட்டின் கிராமக் குளங்களில் வழங்கிய சில முறைகள் சிந்தனைக்குரியன. வட மத்திய மாகாணத்துப் புல் எலிய என்னும் கிராமத்தை 1954இல் ஆராய்ந்த மானிடவியலாளர் எட்மண்ட் லீச், தமது 1961ஆம் ஆண்டு நூலில் அவ்வூர்ப் பழைய வயலின் பங்கீட்டை விளக்கியுள்ளார். குளத்துக்கு அண்மையில் உள்ள பகுதியிற் பங்குடையவனுக்குத் தொலைவில் உள்ள பகுதியிலும் பங்கு உண்டு. மேலும் நீர் குறைந்த போகத்தில் 'பெத்ம' எனச் சிங்களக் கிராமங்கள் வழங்கும் முறைப்படி, குளத்தை அண்டிய வயலை மட்டும் செய்கைக்கு எடுத்து, அதனை உரியவர் எவர் என்று பாராது பங்காளர் அனைவரும் தத்தம் பங்கின்படி பிரித்து விதைப்பர். தனியுடைமை மறுக்கப்படவில்லை, ஒரு போகத்துக்கு ஒதுங்கி நிற்கிறது.

1971இல் வெளிவந்த தமது நீதிக் கோட்பாட்டு நூலில் யோன் றோல்ஸ், சமூகத்தில் தன் இடம் எதுவென அறியாத நிலையில் ஒருவன் தெரிவு செய்யும் விதிகளே நீதியானவை என்றார். தத்துவஞானி எண்ணத்திற் செய்த பரிசோதனையை இவ்வயல் மண்ணிலே செய்து வைத்துள்ளது. வாய்க்காலின் தலைப்பிலும் கடைசியிலும் ஒருங்கே வயல் உடையவன் கடைசி வயலைக் காயவிட்டு நீர் பங்கிட மாட்டான். நீதியைப் போதிப்பதோடு நில்லாமல், நீதியாய் நடப்பதே ஒவ்வொருவனுக்கும் நன்மையாகும்படி நிலத்தைப் பிரித்தமை அம்முன்னோரின் அறிவு.

எனினும் பழைமையை முற்றாகப் போற்றுதல் உண்மைக்கு மாறாகும். பங்கு இருந்தவர்க்கே நீர் இருந்தது. நிலமற்றோர்க்கு அவ்வயலில் இடமில்லை. குளங்களின் பராமரிப்புக்குப் பின்னணியாக இருந்த இராஜகாரியம் கட்டாய உழைப்பாகும். 1832இல் அது ஒழிக்கப்பட்டமை மனித சுதந்திரத்துக்குக் கிடைத்த வெற்றி. அதே வேளை, கட்டுக்கு மண் போடும் கூட்டு முயற்சியும் தளர்ந்தது. பழைய நீர்ப்பாசன வழக்காறுகளை மீளச் சட்டமாக்க அரசு 1856இல் கட்டளைச் சட்டம் ஒன்றை இயற்ற வேண்டியதாயிற்று. கட்டாயம் இன்றிக் கடமை நிலைக்குமா என்பதே அன்று எழுந்த வினா. இன்றும் அது தீர்ந்தபாடில்லை.

டேவிட் ஹியூம் 1739-40இல் இவ்வினாவைத் தொட்டுள்ளார். இரு அயலவர் கூடித் தம் பொதுப் புல்வெளியின் நீரை வடிக்க எளிதில் உடன்படுவர். ஆயிரம் பேர் உடன்படுதல் அரிது, ஒவ்வொருவனும் சுமையைப் பிறர்மேற் போட விரும்புவான் என்பது அவர் கருத்து. பெருங்கூட்டத்துக்கு அரசு வேண்டும் என்று அவர் முடித்தார். ஆயின் கிராமக் குளத்தின் பங்காளர் இருவரும் அல்லர், ஆயிரவரும் அல்லர்; இருபதோ ஐம்பதோ பேர். ஒருவரை ஒருவர் அறிந்தோர். எலினோர் ஒஸ்ற்றம் 1990இல் வெளியிட்ட ஆய்வில், விதியை ஆக்குவோரும் அதைக் கண்காணிப்போரும் பயன்படுத்துவோரேயாயின் பொதுவளம் நெடுங்காலம் நிலைக்கும் எனப் பல நாட்டுச் சான்றுகளால் நிறுவினார். சிறு குளத்தின் சிறுமையே அதன் அறவியற் பலம் என்று இதனாற் கொள்ளலாம்.

இனி, மிகக் கடினமான வினா ஒன்று எஞ்சியுள்ளது. நாம் கற்பித்த கமக்காரர் வறியவராயின்? கலிங்கை அகலமாக்கக் கல்லும் சீமெந்தும் வேண்டும், அவரிடம் பணமில்லை. றைலண்ட்ஸ் தீர்ப்பின்படி முழுப் பொறுப்பையும் அவர் தலையிற் சுமத்தலாம். ஆனால் உடைத்த பின் நட்டஈடு கொடுக்க அவரிடம் எதுவும் இராது. உயிருக்கு நட்டஈடு என்பதும் இல்லை. உடைத்த பின் யார் பொறுப்பு எனத் தீர்ப்பது சட்டத்தின் பணி. உடையாமற் காப்பது யார் பொறுப்பு என வினவுவதே அறத்தின் பணி. வறுமை அவரது பழியைக் குறைக்கலாம், ஆபத்தைக் குறைக்காது. பழியும் ஆபத்தும் வெவ்வேறு என உணர்ந்தால் வழி ஒன்று தென்படுகிறது. அவரது கட்டினால் ஆபத்துக்கு உள்ளாவோர் அவரைக் குற்றவாளியாகக் காண்பதினும் தம்மோடு ஒரே ஓடையிற் பிணைக்கப்பட்டவராகக் காண வேண்டும். அவரும் தம் வேலியைக் காட்டி அவர்களை வெளியே நிறுத்துதல் ஆகாது.

ஆகவே, தனியார் குளத்துக்குக் கீழே வாழ்வோர்க்கு மூன்று உரிமைகளை நாம் வற்புறுத்தலாம். முதலாவது, அறியும் உரிமை: கட்டு எந்நிலையில் உள்ளது, கலிங்கு எவ்வளவு திறந்துள்ளது, துருசு எப்போது திறக்கப்படும் என்பன மறைபொருளாக இருத்தல் கூடாது. இரண்டாவது, சொல்லும் உரிமை: கலிங்கின் உயரத்தைப் பற்றிய தீர்மானத்தில் ஊர்க்குளத்துக் கமக்காரர் அமைப்புக்கும் பேச்சுரிமை வேண்டும். மூன்றாவது, விந்தையாகத் தோன்றினும், உதவும் உரிமை: மாரிக்கு முன்னர் கட்டின் பற்றையை வெட்டி, புற்றை அடைத்து, மண் போடும் வேலையில் ஊரவர் இறங்குவதை, 'என் காணிக்குள் வராதே' என்று உடைமையாளர் தடுக்க முடியாது. இம்மூன்றும் அவரது உடைமையைப் பறிப்பன அல்ல. அவர் தேக்கிய நீரில் அவரது உழைப்பின் பங்கு அவருக்கே உரியது. அவர் ஆக்காத நீரினதும் அவர் மட்டும் தாங்க முடியாத ஆபத்தினதும் பங்கே பிறருக்கு உரியது.

குளம் தொடுதலைப் பேரறமாகப் போற்றிய மரபு நம்முடையது. புறநானூற்றின் 18ஆம் பாடலில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நீர்நிலை அமைக்குமாறு அறிவுறுத்துகிறார். நிலைத்த புகழுக்கு அதுவே வழி என்பது அவர் கருத்து. தொடுதல் ஒருமுறை செய்யும் செயல். புகழும் அதனோடு வந்து சேரும். காத்தல் ஆண்டுதோறும் செய்யும் செயல், அதற்குப் புகழில்லை. உடையாத கட்டைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

தொகுத்து நோக்குமிடத்து, ஓடும் நீரை மறித்தவன் அதன்மேல் உரிமையை மட்டும் பெறுவதில்லை. மேலே உள்ளோர்க்கும் கீழே உள்ளோர்க்கும் நடுவே ஓர் இடத்தையும் பெறுகிறான். அடைத்த நீரிலே பிறர்க்கு உரிய பங்கை விடுதலும், அடைத்த நீர் உடைத்த நீராகாமற் காத்தலும் அவ்விடத்துக்குரிய இரு கடமைகள். பருவமழையின் போக்கு மாறிச் சில நாட்களிற் பெருமழையும் பல மாதங்கள் வறட்சியுமாக வரும் இக்காலத்தில் சிறு கட்டுகள் இன்னும் பல எழும், எழவும் வேண்டும். அவற்றை எழுப்புவோர் கட்டின் நீள அகலத்தைக் கணிக்கும்போதே அதன் கீழே எத்தனை வீடுகள் உள்ளன என்பதையும் எண்ணுவார்களாயின், 'என் காணி. என் கட்டு' என்ற கூற்று முழுமை பெற மூன்றாவது சொற்றொடர் ஒன்றும் வேண்டும் என்பதை உணர்வர்: 'என் அயல்.'